நல்லெண்ணம் மட்டும் போதுமா?



"நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, முன்னர் மிஞ்சிக் கிடந்த பாணி மருந்தை எடுத்துப் பருக்கிய தாய் இப்படிச் சொல்கிறாள். அடுத்த வீட்டுக்காரரின் முழங்கால் நோவுக்குத் தமது குளிசைகளில் நாலைந்தைக் கொடுத்தனுப்பிய பெரியவரும் இப்படித்தான் சொல்கிறார். கேட்பவர்களும் உடனே சமாதானமாகி விடுகின்றனர். எண்ணம் நல்லதாயின், விளைவுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர் என்பது நம்மிற் பெரும்பாலோரின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை சரிதானா? தீங்கு செய்யும் நோக்கம் எள்ளளவும் இன்றி ஒருவர் செய்த காரியத்தினால் இன்னொருவர் உயிரிழந்தால், செய்தவர் குற்றவாளியா, குற்றமற்றவரா? "அவருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்து விடுகிறதா?

இக்கேள்விக்கு விடை தேட நல்லதோர் இடம் வைத்தியசாலை. அங்கே நோயாளரின் நன்மையைத் தவிர வேறொன்றை நாடாதவர்களே பெரும்பாலும் பணிபுரிகின்றனர். ஆயினும் நன்மையை நாடிக் கொடுத்த மருந்தே மனிதரின் சிறுநீரகத்தை அழித்ததும், நோயைக் கண்டுபிடிக்க ஏற்றிய ஊசியே சிறுநீரக நோயாளருக்குத் தீங்கு செய்ததுமான சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு. அவற்றுள் சிலவற்றை நாம் சேர்ந்து சிந்திப்போம்.

முறையிடாத உறுப்பு

நமது சிறுநீரகங்கள் இரண்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் நிறையுள்ளவை. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தை அவை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடலுக்கே கொடுத்து, ஒன்றிரண்டு லீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியே விடுகின்றன. நாம் விழுங்கும் குளிசைகளிலும் ஏற்றிக்கொள்ளும் ஊசிகளிலும் பலவற்றின் கழிவு போகும் வழி இதுவே. இந்த வழியாகப் போகும் நஞ்சு சிறுநீரகத்தையும் சுடக்கூடும்.

பல்லில் சூத்தை விழுந்தால் இரவு முழுதும் நித்திரை இல்லை. சிறுநீரகமோ அப்படி முறையிடுவதில்லை. அதன் ஆற்றலில் பாதியளவு போன பின்னரும் இரத்தப் பரிசோதனையில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். நம் நாட்டின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரர் பலரைப் பீடித்து வரும் சிறுநீரக நோயை எண்ணிப் பாருங்கள். நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அவர்களுள் அனேகர். இவ்வாறு மௌனமாகத் துன்புறும் ஒன்றின் விடயத்தில் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்வது மிகவும் எளிது. ஆதலால் இங்கே நல்லெண்ணம் மாத்திரம் போதாமற் போகின்றது.

கேட்கப்படாத ஒரு கேள்வி

1937ஆம் ஆண்டு. கிருமிகளால் வரும் நோய்களுக்கு சல்பனிலமைட் என்னும் மருந்து அப்பொழுது புதிதாக வந்து பலரைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது. அதைப் பாணி மருந்தாக்க ஐக்கிய அமெரிக்காவின் நிறுவனமொன்று விரும்பியது. மருந்தோ தண்ணீரில் நன்றாகக் கரையவில்லை. டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் இனிப்பான திரவத்தில் அது கரையும் என்று அங்கிருந்த இரசாயனவியலாளர் கண்டார். பழச்சுவையும் சேர்க்கப்பட்டது. நிறம் சரியா, மணம் சரியா, சுவை சரியா என்றெல்லாம் பார்த்தார்கள். உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்று மாத்திரம் பார்க்கவில்லை.

அத்திரவம் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. சில வாரங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பல குழந்தைகள். தொண்டை நோவுக்கு மருந்து குடித்த பிள்ளை, சிறுநீர் அற்றுப்போய், நாட்கணக்கில் வேதனைப்பட்டுத் தாயின் மடியில் உயிர்விட்டது.

சட்டம் என்ன சொல்லிற்று? புதிய மருந்தொன்றை விற்கமுன் அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அன்று அங்கே இல்லை. மதுசாரம் கலந்த மருந்துக்குரிய பெயரை, மதுசாரம் கலவாத மருந்துக்குச் சூட்டியது தவறு என்ற ஒரு சிறு காரணத்தை வைத்தே அதிகாரிகள் போத்தல்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. தங்கள் பக்கத்தில் எவ்விதப் பொறுப்பும் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்று நிறுவனத்தின் உரிமையாளர் அறிவித்தார். மறு ஆண்டு, 1938இல், மருந்துகளை முன்கூட்டியே சோதிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் பிறந்தது.

சட்டப்படி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. மனச்சாட்சிப்படி?

இவ்விடத்தில் புனித தோமஸ் அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். அறியாமையை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். எவ்வளவு முயன்றாலும் ஒருவரால் அறிந்திருக்க முடியாதது ஒன்று. அதற்கு அவர் மீது குற்றமில்லை. அறிந்திருக்கக் கூடியதும், அறிந்திருக்க வேண்டியதுமானதை அறியாமல் விட்டது மற்றொன்று. அந்த அறியாமையே குற்றம். ஒவ்வொருவரும் தத்தம் கடமைக்குரியவற்றை அறிய வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். தோணி ஓட்டுபவன் காற்றைப் பற்றியும், மருந்து செய்பவன் நஞ்சைப் பற்றியும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. 1937இல் ஒரு சில மிருகங்களுக்கு அந்தப் பாணியைக் கொடுத்துப் பார்த்திருந்தாலே உண்மை வெளிப்பட்டிருக்கும். கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும், கேட்கவில்லை.

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். ஆபிரிக்க நாடான காம்பியாவில் 2022ஆம் ஆண்டு இதே வகை நஞ்சு கலந்த பாணி மருந்துகளைக் குடித்ததனால் 60இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 85 ஆண்டுகளின் பின்னரும் அதே கேள்வி கேட்கப்படாமல் விடப்பட்டிருந்தது.

எல்லோரும் நல்லதையே நினைத்தபோது

இனிச் சொல்லப்போவது இதைவிடச் சிக்கலானது. இங்கே பேராசைக்காரரோ அசட்டையானவரோ எளிதில் அகப்படமாட்டார்கள்.

உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும்போது இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகச் சாய ஊசி ஏற்றுவதை நீங்கள் அறிவீர்கள். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் அயடீன் கலந்த சாயம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு கடோலினியம் என்னும் உலோகம் கலந்த சாயம். 1988 முதல் இது பாவனைக்கு வந்தது. இவ்வுலோகம் தனியே இருந்தால் நஞ்சு. ஆகவே வேறொரு மூலக்கூறுக்குள் அதைப் பூட்டி வைத்தே ஊசியாக ஏற்றுவர். சுகதேகியின் உடலில் ஏற்றிய அளவில் பாதி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் சிறுநீரோடு போய்விடும்.

அயடீன் சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் வைத்தியரிடையே பலமாக இருந்தது. ஆகையால், ஏற்கனவே சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு கடோலினியமே பாதுகாப்பானது என்று அவர்கள் கருதினர். இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும்போது வழக்கமான அளவிலும் இரண்டு மூன்று மடங்கு கூட்டியும் ஏற்றினர். நோக்கம் நோயாளரைக் காப்பதே.

1997 முதல் ஒரு விசித்திர நோய் தலைகாட்டியது. இயந்திரத்தின் உதவியோடு இரத்தத்தைச் சுத்திகரித்து வாழ்ந்த நோயாளர் சிலரின் கை கால்களில் தோல் தடித்து மரம் போல் இறுகிற்று. மூட்டுகள் மடங்க மறுத்தன. நடந்து வந்தவர்கள் சக்கரக் கதிரையில் அமர்ந்தனர். சிலருக்கு இதயம், நுரையீரல் முதலான உள்ளுறுப்புகளும் இறுகின. சிறுநீரக நோயாளருக்கு மட்டும் வரும் இந்நோயை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்து எழுதினர். காரணம் தெரியவில்லை.

2006 சனவரியில் ஒஸ்திரியா நாட்டு வைத்தியர் தோமஸ் குரோப்னர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். கடோலினியம் ஏற்றப்பட்ட சிறுநீரக நோயாளர் 9 பேரைத் தாம் பார்த்ததாகவும், அவர்களில் 5 பேருக்குச் சில வாரங்களில் இந்நோய் வந்ததாகவும் எழுதினார். அதே ஆண்டில் டென்மார்க்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்கே நோயுற்ற 13 பேருக்கும், ஒருவர் தவறாமல், கடோலினியச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. சிறுநீரகம் இயங்காதவரின் உடலில் அச்சாயம் நாட்கணக்காகத் தங்குகிறது. தங்கும்போது பூட்டுத் திறந்து உலோகம் வெளியேறித் திசுக்களிற் படிகிறது என்பது பின்னர் துலங்கிற்று. அந்த 2006லேயே எச்சரிக்கைகள் வெளியாயின. 2007இல் கட்டுப்பாடுகள் இறுகின. உலோகத்தை இறுகப் பற்றி வைத்திருக்கும் சாயங்களுக்கு வைத்தியசாலைகள் மாறின. புதிய நோயாளர் தோன்றுவது ஏறக்குறைய நின்றே விட்டது.

வாசகரே, இவ்வழக்கில் நீங்கள் நீதிபதியாயின் என்ன தீர்ப்பளிப்பீர்கள்? ஊசி ஏற்றிய தாதியைக் குற்றம் சொல்வீர்களா? அவர் கட்டளையை நிறைவேற்றினார். வைத்தியரையா? அன்றைய நூல்கள் சொன்னதையே அவர் நம்பினார். இவர்களது அறியாமை பெரும்பாலும் மன்னிக்கத்தக்கது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இவ்வுலோகம் தனித்து நின்றால் நஞ்சு என்பது தெரியும். அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது என்பதும் தெரியும். அப்படியானால், வாசல் அடைபட்டவரின் உடலில் அது எங்கே போகும்? இதை முன்கூட்டியே அழுத்திக் கேட்டவர் போதியளவில் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் கேட்டிருப்பார் என்றே நம்பினர். ஊர்க் கிணற்றுக்கு மூடி போட வேண்டியது யார் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த கதைதான்.

எனினும் இங்கே பாராட்ட வேண்டியதும் உண்டு. 9 நோயாளரை வைத்திருந்த ஒருவர், "எனது கையாலேயே இது நேர்ந்ததோ?" என்று கேட்கத் துணிந்தார். கேட்டதை உலகறிய எழுதவும் செய்தார். மற்றவர்கள் அதைக் கேட்டு வழமையை மாற்றிக்கொண்டனர். இதுவரை வந்தது விபத்து. 2006இற்குப் பின்னும் ஒருவர் அதே சாயத்தை அதே நோயாளருக்கு யோசனையின்றி ஏற்றியிருப்பாராயின், அதைத்தான் பாவம் என்று சொல்ல வேண்டும்.

பயமும் ஒருவகை அறியாமை

"அப்படியானால் சாய ஊசியே வேண்டாம்" என்று சிலர் சொல்லக்கூடும். பொறுங்கள். அளவு மீறிய பயமும் தீங்கு செய்யும்.

அயடீன் சாயத்துக்குப் பின் சிறுநீரகம் கெடாதிருக்க அசெற்றைல்சிஸ்ரீன் என்னும் மருந்து உதவும் என்று 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து 83 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வொன்று அறிவித்தது. மலிவான மருந்து, பெரிய பக்க விளைவும் இல்லை. வைத்தியர்கள் உலகெங்கும் அதைக் கொடுத்தனர். பின்னர் ஏறத்தாழ 5,000 நோயாளரின் சம்மதத்தோடு பெரியதோர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் வெளியாயின. மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே இல்லை! பதினேழு ஆண்டுகளாக நல்லெண்ணத்தோடு கொடுத்தது பயனற்றது.

இன்னொன்றும் தெரிய வந்தது. சாயம் ஏற்றாமல் ஸ்கான் எடுத்த கடும் நோயாளருக்கும் சிறுநீரகம் கெடுவது உண்டு. ஏனெனில் அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த நோயே அதற்குக் காரணமாயிருந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, பல காலம் பழியெல்லாம் சாயத்தின் மேல் விழுந்தது. அயடீன் சாயத்தின் ஆபத்து முன்னர் மிகைப்படுத்தப்பட்டது என்றும், சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர் விடயத்திலேயே விசேட கவனம் தேவை என்றும் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் 2020இல் கூட்டாக அறிவித்தன. பயத்தினால் அவசியமான படத்தை எடுக்காமல் விட்டு, மாரடைப்பையோ புற்றுநோயையோ காணாமற் போனால் அந்தத் தீங்குக்கும் யாரோ பொறுப்பாளி அல்லவா? ஆகவே துணிவானாலும் பயமானாலும், உண்மையைத் தேடாமல் எடுத்த முடிவு நோயாளருக்குச் செய்யும் அநீதியே.

யாருடைய உடலில்?

உண்மையைத் தேடுவதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்கு மனிதர் வேண்டும். இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. 1952 செப்டெம்பரில் வைத்தியர் மாநாடொன்றுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், விஞ்ஞானத்தின் நலனோ சமுதாயத்தின் நலனோ எதையும் செய்ய அனுமதி அளித்துவிடாது என்று கற்பித்தார். நோயாளர் தருகின்ற உரிமைக்கு மேல் வைத்தியருக்கு உரிமை கிடையாது. நோயாளரும் தம் உடலுக்கு எசமானர் அல்லர், அதைப் பொறுப்பேற்றுப் பாவிப்பவரே என்பது அவர் விளக்கம். 1964இல் உலக மருத்துவ சங்கம் எல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனமும் மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கு ஒழுங்குகளை வகுத்தது.

இவ்வொழுங்குகளுக்குள்ளும் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. பலவீனரைக் காப்பதற்காகச் சிறுநீரக நோயாளரையும் முதியோரையும் புதிய மருந்துகளின் ஆய்வுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கி வைக்கின்றனர். கேட்பதற்கு நல்லதாகவே இருக்கிறது. ஆனால் மருந்து சந்தைக்கு வந்ததும் அதே பலவீனருக்கும் அது கொடுக்கப்படுகிறது. ஆய்வில் என்றால் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள், குறித்து வைப்பார்கள், ஆபத்தென்றால் நிறுத்துவார்கள். வெளியிலே அத்தகைய கவனிப்பு இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களைச் சாட்சி இல்லாத இடத்துக்கு அனுப்பி விட்டோமோ என்று கேட்க வேண்டியுள்ளது. பலவீனரை மதிப்பதாயின், அவர்களுடைய சுயாதீனமான சம்மதத்தோடும் தகுந்த காவலோடும், அவர்களைப் பற்றிய உண்மையையும் தேட வேண்டும்.

நம் பங்கு

இவையெல்லாம் வைத்தியருக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரிய விடயங்கள், நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா? சுவீடன் நாட்டில் குஸ்க்வார்னா என்றொரு சிறு தொழிற்சாலை நகரம். 1918இல் பரவிய பெரும் இன்புளுவென்சாக் காய்ச்சலின் பின்னர், பெனாசெற்றின் கலந்த ஒரு தூளை உட்கொள்ளும் வழக்கம் அங்கே தொழிலாளரிடையே வேரூன்றியது. தலையிடிக்கும் களைப்புக்கும் அதை நாள்தோறும் உட்கொண்டனர். அன்பின் அடையாளமாக ஒருவருக்கொருவர் பரிசாகவும் கொடுத்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின், சிறுநீரகம் கெட்டு அவர்களுள் பலர் மாண்டனர். சுவீடன் 1961இல் பெனாசெற்றினை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்பதைத் தடுத்தது. அமெரிக்கா 1983இல் அதை விலக்கியது. அங்கே ஒருவரை ஒருவர் கெடுத்தவர்கள் பகைவர் அல்லர், நண்பர்களே.

நம் ஊரில் அந்தத் தூள் இல்லை. ஆனால் இபுப்ரோபன், டைக்குளோபினக் போன்ற நோவுக் குளிசைகள் வீட்டுக்கு வீடு உண்டு. தேவையான நாளில், வைத்தியர் சொன்ன அளவில் அவை நல்ல மருந்துகள். முதியவரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவரும், வயிற்றோட்டத்தால் நீர் வற்றியவரும் மாதக்கணக்கில் எடுத்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அவை குறைத்துக் கேடு விளைவிக்கக்கூடும். அயலவருக்கு அந்தக் குளிசையை நீட்டுமுன், "உங்களுக்குச் சிறுநீரக வருத்தம் உண்டா? வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறோமா? கேட்காமற் கொடுப்பது, 1937இல் அந்த நிறுவனம் செய்ததன் சிறிய பிரதியே.

ஸ்கான் எடுக்கும் அறையில் தாதி ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்பார். முடிந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்று சொல்லி விடுகிறோம். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சக்கரக் கதிரையில் அமர்ந்த மனிதர் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட வேதனையால் வந்த கேள்விகள் அவை. உண்மையைச் சொல்லுவது நம் கடமை. அதுபோலவே, "இந்த ஊசி எதற்கு? என் சிறுநீரகத்துக்கு ஆகுமா?" என்று மரியாதையோடு கேட்பது நம் உரிமை. பெரிய டொக்டரிடம் எப்படிக் கேட்பது என்று நம்மவர் கூசுகின்றனர். நல்ல வைத்தியர் கேள்வியை அவமதிப்பாக எண்ணமாட்டார். வைத்தியர் தந்த மருந்தைக் கேளாமல் நாமே நிறுத்துவதும் அதே தவறின் மறுபக்கம் என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: நல்லெண்ணம் தேவை, ஆனால் அது போதாது. பிறரை உண்மையாக நேசிப்பவன் தனது செய்கை அவருக்கு என்ன செய்யும் என்று அறிய முயல்கிறான். அறிய முடியாததற்காகக் கடவுள் நம்மிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. அறியக்கூடியதைக் கேளாமல் விட்டதற்கும், அறிந்த பின்னும் மாறாமல் இருந்ததற்கும் நாம் கணக்குக் கொடுக்கவே வேண்டும். அடுத்த முறை ஒரு குளிசையை மற்றவரின் கையில் வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியும் அன்பின் ஒரு பகுதியே.